பக்கத்து மேசைக்காரர் எழுதட்டும்

மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி, "யாரைப் பிடிக்கலாம்?" என்பதுதான். டத்தோ ஒருவர், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், கோயில் தலைவர், தனியார் மருத்துவமனையில் பெயர் பெற்ற நிபுணர் என்று ஒரு வரிசை உண்டு. கையெழுத்துப் போடுகிறவர் அந்த வரிசையில் எவ்வளவு மேலே இருக்கிறாரோ அவ்வளவுக்குக் கடிதத்துக்குக் கனம் என்பது நம்மிடையே யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. ஒரே ஆய்வகத்தில் கூட நின்று படித்த தோழியோ தோழனோ எழுதித் தருவதை யாரும் ஒரு கடிதமாகவே மதிப்பதில்லை. "சின்னப் பிள்ளைங்க சொல்றதை யாரு படிக்கப் போறா?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறானது. பிள்ளைகளுக்கு அது கேடும் செய்கிறது.

நீலாயில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் இன்று பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகம், நீலாய் பல்கலைக்கழகம், மணிப்பால் அனைத்துலகப் பல்கலைக்கழகம், மருத்துவத் துறையும் கொண்ட மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த ஓர் ஊருக்குள். கொம்யூட்டர் ரயிலில் லாபு, தீரோய் தாண்டினால் சிரம்பான். அங்கே துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் ஐ.எம்.யு. பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் வெள்ளை அங்கியோடு வார்டு வார்டாக நடப்பதைப் பார்க்கலாம். தோட்டம் உடைந்து மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவற்றையெல்லாம் தினமும் கண்ணால் பார்த்துத்தான் வளர்கிறார்கள். மருத்துவப் படிப்பு அவர்களுக்குக் கண்ணுக்கு எட்டாத ஒன்றல்ல. ஆனால் உள்ளே போகும் வழி ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து வழியாகத்தான் போகிறது என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அப்படிச் சொல்பவர்களை நான் பழிக்கவில்லை. அந்த நம்பிக்கை வந்த வழி எனக்குத் தெரியும். தோட்டத்தில் எதற்கும் மேலே இருப்பவரின் துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று வேலைக்குப் போகாமல் இருக்க டிரஸ்ஸர் எழுதித் தரவேண்டும். வீட்டுக் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்லி, அவர் துரையிடம் சொல்லவேண்டும். தண்டல் மனம் வைத்தால் நல்ல நிரை கிடைக்கும். இப்படி மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு, சொந்தத் தகுதியைவிட மேலிடத்துச் சீட்டுதான் வேலை செய்யும் என்பது அனுபவப் பாடம். அதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் அவர்கள் தோட்டத்தைப் பார்க்காதவர்கள்.

அதற்குப் பிறகு வந்ததும் அந்தப் பாடத்தையே உறுதிப்படுத்தியது. பல்கலைக்கழகப் புகுமுகமான மெட்ரிகுலேஷன் இடங்களில் பத்தில் ஒன்பது பூமிபுத்ரா மாணவர்களுக்கு என்றான பின், மிச்சமிருக்கும் ஒன்றுக்குள் நம் பிள்ளைகள் முண்டியடிக்க வேண்டியிருந்தது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் என்ற அறிவிப்பு அரசியல் மேடையிலிருந்து வந்தது. நம் சமூகத்தின் பெயரில் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. மூலமாகவே 2001-இல் கெடாவில் தொடங்கியது. கட்சியும் மருத்துவ இடமும் நம் மனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 4.00 புள்ளி எடுத்த பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கவில்லை என்று பத்திரிகையில் படம் வரும்போதெல்லாம், பக்கத்து வீட்டுத் தாய் மனத்துக்குள் எடுக்கும் முடிவு ஒன்றே: "அவங்களுக்கு ஆள் இல்லை."

ஆனால் இங்கே இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. 1,500 இடம் என்பது கொள்கை முடிவு. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்ததும் கொள்கைதான். அவை கேட்டு, போராடி, நெருக்கி வாங்கவேண்டியவை. இன்னும் வாங்கவேண்டியவை நிறைய இருக்கின்றன. அந்தப் போராட்டத்தில் தலைவர்களுக்கு வேலை உண்டு. ஒரு தனிப் பிள்ளையின் பெயரைப் போட்டு, "இவரை நன்கு அறிவேன்" என்று இரண்டு பத்தி எழுதுவது அந்த வேலையில் சேராது.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. எனும் பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது? தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. மருத்துவத்துக்கு அதற்கு மேல் நேர்முகத் தேர்வு. இந்தக் கணக்கில் டத்தோவின் கடிதத்துக்கு ஒரு புள்ளியும் கிடையாது. தோழியின் கடிதத்துக்கும் கிடையாது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேல்முறையீட்டுக் காலத்தில் சட்டமன்ற உறுப்பினர்களின் சேவை மையங்களின் வாசலில் கோப்போடு காத்திருக்கும் பெற்றோரிடம் இதை யாராவது முன்னதாகவே சொல்லியிருக்கவேண்டும்.

கடிதம் உண்மையில் படிக்கப்படும் இடங்கள் வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. உபகாரச் சம்பளம் தரும் அறவாரியங்கள் கேட்கின்றன. சில தனியார் கல்லூரிகள் கேட்கின்றன. அங்கே உட்கார்ந்து படிப்பவருக்கு நம் ஊர் டத்தோ யாரென்றே தெரியாது. அவருக்கு வேண்டியது விண்ணப்பிக்கும் பிள்ளையைப் பற்றிய சேதி. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கடிதம் எழுதுபவர்களுக்கென வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பிள்ளைக்காக வாதாடாதீர்கள், மருத்துவத்துக்கு ஏற்றவரா என்று சரியாக மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்கிறது அது. எவ்வளவு காலமாகத் தெரியும், எந்த முறையில் தெரியும், எழுதுவது நேரில் பார்த்ததை வைத்தா என்று கேட்கிறது. நீளம் முக்கியமல்ல, தரம்தான் முக்கியம் என்கிறது. மதிப்பெண்ணைத் திரும்ப எழுதவேண்டாம், அது வேறு தாளில் இருக்கிறது என்கிறது. இந்தக் கேள்விகளை நம் பெரிய மனிதரின் கடிதத்திடம் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு காலம்? போன வாரம். எந்த முறையில்? பிள்ளையின் மாமா கோயில் கமிட்டியில் இருக்கிறார். நேரில் பார்த்தது என்ன? ஒன்றுமில்லை.

ஆறாம் படிவ மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தித் தருகிறவன் என்ற முறையில் இரண்டு வகைக் கடிதங்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பெரிய மனிதரின் கடிதம் தடித்த தாளில், மேலே பொன்னிற முத்திரையோடு வரும். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நல்ல குடும்பம், சமூகத்துக்குச் சேவை செய்யும் எண்ணம் உடையவர் என்று இருக்கும். பெயரை மாற்றிவிட்டால் யாருக்கும் பொருந்தும். ஒரு முறை பெயரை மாற்ற மறந்து, இரண்டாம் பத்தியில் வேறொரு பிள்ளையின் பெயரோடே வந்தது. விண்ணப்பித்த பிள்ளையின் தகப்பனார் அந்தக் கடிதத்துக்காக வேலைக்கு விடுப்புப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து வாங்கி வந்திருந்தார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்று, ஆறாம் படிவத்தில் வேதியியல் ஆய்வகத்தில் ஒரே மேசையில் நின்ற மாணவி தன் தோழிக்காக எழுதியது. கோடு போட்ட தாளில் முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் மாற்றியிருந்தாள். அமிலமும் காரமும் சேர்த்து அளவெடுக்கும் சோதனை. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தவேண்டும். முதல் இரண்டு முறையும் 24.50-ஐ ஒட்டி வந்தது. மூன்றாம் முறை தோழியின் கை தவறி 26.10-க்குப் போய்விட்டது. மணி அடித்தாயிற்று. ஆய்வக உதவியாளர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "24.55-ன்னு எழுதிடு, யாருக்குத் தெரியும்?" என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதைச் சொன்னவர்களில் தானும் ஒருத்தி என்று கடிதம் எழுதியவளே எழுதியிருந்தாள். தோழி 26.10 என்றே எழுதினாள். பக்கத்தில் 'அளவு தாண்டிவிட்டது' என்று குறித்துவிட்டு, உதவியாளரிடம் பத்து நிமிடம் கெஞ்சி வாங்கி மறுபடி செய்தாள். எல்லோருக்கும் பேருந்து போய்விட்டது. கோபத்தில் அன்று யாரும் அவளோடு பேசவில்லை.

அதே கடிதத்தில் ஒரு குறையும் இருந்தது. தோழிக்குப் பொறுமை குறைவு, ஒருமுறை நான்காம் படிவப் பெண்ணொருத்தியைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் கடிந்துவிட்டாள், மறுநாள் அந்தப் பெண்ணின் வகுப்புக்கே போய், எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டாள் என்று எழுதியிருந்தது.

நோயாளியின் தாளில் தவறான அளவைக் குறித்துவிட்டு, அதை மறைக்காமல் சொல்லப் போகிற மருத்துவர் யார் என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டு கடிதங்களில் எது உதவும்?

நண்பர் என்றால் பொய் சொல்வார், நட்புக்காக மிகைப்படுத்துவார் என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம். மிகைப்படுத்துவார்கள்தான். பரிந்துரைக் கடிதங்களை வைத்து ஒருவர் பின்னாளில் எப்படி இருப்பார் என்று கணிப்பது கடினம் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். எல்லாக் கடிதமும் புகழ்ச்சியாகவே இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் இந்தக் குற்றச்சாட்டு நண்பரைவிடப் பெரிய மனிதருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. தெரியாத பிள்ளையைத் தெரியும் என்று எழுதுவது மிகைப்படுத்தல்கூட அல்ல, பொய். அதனால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. தோழியின் கடிதத்தில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, கூட இருந்தவர்கள் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில், "அந்த மூன்றாம் அளவு தாண்டிய அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்கலாம். பிள்ளை சொல்வதும் கடிதம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். "நல்ல குடும்பம்" என்பதை எந்தக் கேள்வி கேட்டுச் சோதிப்பது?

போட்டியும் பொறாமையும் வராதா என்கிறார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் விண்ணப்பிக்கலாம். மனம் திரிந்து கெடுத்தும் எழுதலாம். வரலாம். அப்படிப்பட்டவரிடம் கேட்கக் கூடாது. கேட்கப்பட்டவருக்கும் மறுக்க உரிமை உண்டு. "உன்னைப் பற்றி உண்மையாக எழுத என்னால் முடியாது, வேறு யாரிடமாவது கேள்" என்று சொல்லும் நண்பர் தப்பான கடிதம் எழுதித் தருபவரைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்த மறுப்பை நம் பிள்ளைகள் பகையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழக்குவது நம் வேலை.

கடிதம் எழுதும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மருத்துவத்தைப் பற்றி என்ன தெரியும் என்பது இன்னொரு கேள்வி. ஒன்றும் தெரியவேண்டாம். அவர் மருத்துவத்துக்குச் சாட்சி சொல்லவில்லை, ஓர் ஆளுக்குச் சாட்சி சொல்கிறார். 2005-இல் மேக்சின் பாபடாகிஸும் அவர் குழுவினரும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் மூன்று மருத்துவக் கல்லூரிகளில் படித்து, பின்னாளில் மாநில மருத்துவ வாரியங்களால் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களின் மாணவப் பருவக் கோப்புகளைத் தோண்டிப் பார்த்தார்கள். நடவடிக்கைக்கு ஆளாகாத மருத்துவர்களோடு ஒப்பிட்டால், இவர்களின் கோப்பில் மாணவப் பருவத்திலேயே தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை பற்றிய குறிப்பு இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு. மிக அழுத்தமாகத் தெரிந்தவை இரண்டு: பொறுப்பில்லாமை, குறையைச் சுட்டினாலும் திருத்திக்கொள்ள மறுப்பது. மதிப்பெண் குறைவுக்கும் தொடர்பு இருந்தது. நடத்தைக்கு இருந்த அளவுக்கு இல்லை. அந்தக் குறிப்புகள் கல்லூரியின் கோப்பில் இருந்தவை, சகமாணவர்கள் எழுதிய கடிதங்கள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் குழு வேலையில் தன் பங்கைச் செய்யாமல் நழுவுபவர் யார், தவறைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரிவதற்கு வெகு முன்பே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது தெரியும்.

மருத்துவத் தொழிலும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. பிரிட்டனில் 2012 இறுதியிலிருந்து மருத்துவர்கள் தங்கள் தொழில் உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் மறுமதிப்பீட்டுக்கு, கூட வேலை செய்பவர்களின் கருத்தையும் நோயாளிகளின் கருத்தையும் திரட்டித் தரவேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் மனிதநேயத்துக்கான கோல்ட் மதிப்புறு சங்கத்துக்கு மாணவர்களைத் தெரிவு செய்யும்போது வகுப்புத் தோழர்கள் யாரைச் சொல்கிறார்கள் என்பதற்கு இடமுண்டு. அங்கே டார்ட்மத் கல்லூரி, இளங்கலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் ஆசிரியர் கடிதங்களோடு சகவயது நண்பர் ஒருவரின் கடிதத்தையும் வரவேற்கிறது. ஆசிரியர் கடிதம் கேட்கும் இடத்தில் ஆசிரியர் கடிதம்தான் கொடுக்கவேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. கூடுதலாக ஒன்று கொடுக்க இடமிருந்தால் அந்த இடத்தை யாருக்குத் தருவது என்பதுதான் கேள்வி. நாம் அதைத் தொடர்ந்து தவறானவருக்கே தருகிறோம்.

எனக்கு மிகவும் வலிப்பது இதைவிட வேறொன்று. பெரிய மனிதர்கள் பலரும் கடிதத்தைத் தாங்களே எழுதுவதில்லை. "நீயே அடிச்சுக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்கிறார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய், கணினி முன் உட்கார்ந்து, தன்னைப் பற்றித் தானே "நான் இவரை ஐந்து ஆண்டுகளாக நன்கு அறிவேன்" என்று தட்டச்சு செய்கிறது. பெற்றோர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் நல்லா போடு" என்கிறார்கள். உண்மையைப் பதிவு செய்வதே உயிர் மூச்சாக இருக்கவேண்டிய ஒரு தொழிலுக்குள் நுழைய அந்தப் பிள்ளை செய்யும் முதல் காரியம் ஒரு பொய்த் தாள் தயாரிப்பது. நாளைக்கு அதே பிள்ளை வார்டில், செய்யாத பரிசோதனையைச் செய்ததாக எழுதினால் யாரைக் குறை சொல்வது? நாம் செய்வது உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏழைப் பிள்ளைக்கு இந்த வழி திறப்பதும் இல்லை. லாபு பக்கம் இன்னும் தோட்டத்தில் வேலை செய்பவருக்கோ, நீலாய் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் தாய்க்கோ எந்த டத்தோவைத் தெரியும்? பழக்கூடை வாங்கவேண்டும், ஒரு நாள் சம்பளத்தை விடவேண்டும், தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடிக்கவேண்டும், அவர் வீட்டு வாசலில் பிள்ளையோடு நின்று தலைகுனிந்து கேட்கவேண்டும். அப்படி நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல மதிப்பெண் எடுத்ததற்காக அது அங்கே வெட்கப்பட்டு நிற்கிறது. வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு அதே கடிதம் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வந்துவிடுகிறது. கையெழுத்தின் அந்தஸ்தை வைத்துக் கடிதத்தை மதிக்கும் சமூகம், தன்னிலும் ஏழையானவரை வெளியே நிறுத்துகிறது. தோழமையின் கடிதம் ஒன்றுக்குத்தான் பழக்கூடை வேண்டாம். மூன்று தவணை கூட உட்கார்ந்து படித்த ஒருவர் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. கடைசி லயத்திலிருந்து வந்த பிள்ளைக்கும் உண்டு.

ஆனால் நண்பர் எழுதினால் போதும் என்று விட்டுவிட முடியாது. எழுதத் தெரியவேண்டும். அதை நாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. "அவள் என் உயிர்த்தோழி, அவள் ஒரு தேவதை" என்று எழுதினால் அது டத்தோ கடிதத்தைவிட மோசம். எப்போதிலிருந்து, எங்கே, எப்படிப் பழக்கம் என்று முதல் இரண்டு வரியில் சொல்லிவிடவேண்டும். பிறகு கண்ணால் பார்த்த ஒன்றிரண்டு சம்பவங்கள், கேள்விப்பட்டது வேண்டாம். களைத்திருந்தபோது, கோபமாக இருந்தபோது, தோற்றபோது அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். எல்லாம் நன்றாகப் போகும்போது யாரும் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள். ஒரு குறையை மறைக்காமல் எழுதி, அதை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்றும் எழுதினால் படிப்பவர் மற்றதையும் நம்புவார். தேர்வுப் புள்ளியைத் தொடவே வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். எழுதிய பின் விண்ணப்பிக்கும் நண்பரிடம் காட்டாமல் நேரே அனுப்ப வழியிருந்தால் அப்படியே அனுப்பவேண்டும்.

எழுதுகிறவருக்கும் இதில் பாடம் உண்டு. இன்னொருவரைப் பார்த்து, பார்த்ததை மட்டும், பார்த்தபடி எழுதுவது மருத்துவர் தினமும் செய்யும் வேலை. நோயாளியின் குறிப்பில் "நல்லவர்" என்று எழுதமுடியாது. எத்தனை மணிக்கு என்ன இருந்தது என்றுதான் எழுதமுடியும்.

மந்தின், பஜாம், லாபு, பாத்தாங் பெனார் பக்கத்துக் கோயில் தலைவர்களுக்கும் சமூகத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறியாத பிள்ளைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டு வருபவரிடம் காரணத்தைச் சொல்லி மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் செல்வாக்கை இடங்களின் எண்ணிக்கைக்காகவும், சிரம்பான் வரை டியூஷனுக்குப் போய்வரும் பிள்ளைகளின் ரயில் கட்டணத்துக்காகவும் செலவழியுங்கள்.

ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பக்கத்தில் இருப்பவர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாரென்றால், நீங்கள் பார்த்ததை இன்றிலிருந்தே தேதி போட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவர் வந்து கேட்கும் அன்று உங்களிடம் எழுத ஏதாவது இருக்கவேண்டும்.